நாற்பத்தொன்பது ஓட்டங்கள்

மன்னிப்பை யாராவது கத்திக் கேட்பார்களா? தம்பியின் சிக்கல் அதுதான். அம்மாவிடம் சொல்ல அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. வருடக்கணக்காகத் தொண்டையில் முள்ளாக நின்ற விஷயம். சொல்லிவிடலாம் என்று ஒருவழியாக அவன் மனசு இறங்கி வந்தபோது அம்மாவுக்குக் காது போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் போட்ட வார்டு. கடைசிக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினால்தான் அம்மாவுக்குப் பாதி விளங்கும். மாத்திரை போட்டாயா என்று கத்தலாம். தலை வலிக்கிறதா என்று கத்தலாம். என்னை மன்னித்துவிடு என்பதை ஊரைக் கூட்டியா சொல்வது?

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்கா அதையும் செய்து பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கிட்ட வந்தால் ஆள் தெரியும், முகம் சிரிக்கிறதா சிணுங்குகிறதா என்று தெரியும். எழுத்து மட்டும் எறும்பு ஊர்வதுபோல ஊரும். அறுவை சிகிச்சை செய்யலாம் என்றால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். அந்த டாக்டர் எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை. "வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அக்காவுக்குப் புரிந்தது.

வர வேண்டியவன் ஒருவன்தான். அவன் வேறொரு ஊரில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தான். படிப்பைப் பாதியில் விட்டதற்கு அப்பா ஒருநாள் கோபத்தில் "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார். எல்லா அப்பாக்களும் சொல்கிற வார்த்தைதான். எல்லாப் பிள்ளைகளும் அதைச் சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிடுவார்கள். இவன் மட்டும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். பிறகு அப்பா இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனார். தகவல் அனுப்பியும் அவன் வரவில்லை. "லேட்டா கிடைச்சுது" என்று பின்னால் ஒரு வரி எழுதினான். அம்மா அதை நம்பவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: அவன் ஏன் வரவில்லை? அக்காவைக் கேட்டாள், சுவரைக் கேட்டாள், பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தைக் கேட்டாள். காது நன்றாக இருந்த காலத்தில் பதில் சொல்ல ஆளில்லை. பதில் சொல்ல ஆள் கிடைத்தபோது காது இல்லை.

அக்கா வேலை பார்த்தது வாசல் இண்டர்காம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில். வெளியே நின்று ஒருவர் முணுமுணுத்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஊரார் வீட்டு வாசலுக்கெல்லாம் காது வைத்துக் கொடுத்தவள், பெற்றவளுக்கு ஒன்று செய்ய மாட்டாளா? கடையில் விற்கிற காதுக் கருவியை முதலில் வாங்கித்தான் பார்த்தாள். அது பேச்சோடு சேர்த்துத் தள்ளுவண்டிச் சக்கரம், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் கொண்டுபோய் அம்மாவின் தலைக்குள் கொட்டியது. அம்மா அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அளவு சரிசெய்ய வேண்டும் என்றால் நோயாளி கடைக்கு வர வேண்டுமாம். நோயாளியோ கட்டிலை விட்டு இறங்க முடியாதவள்.

அம்மாவின் காதைச் சோதித்த தாளைப் பார்த்து அக்கா ஒன்றைக் கண்டுகொண்டாள். காது முழுக்கப் போகவில்லை. நடுவில் ஒரு குறுகலான பட்டை மிச்சமிருந்தது. அந்தப் பட்டையை மட்டும் உயர்த்திக் கொடுத்தால் மெல்லப் பேசினாலும் கேட்கும். ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு மைக், கொஞ்சம் டிரான்சிஸ்டர், காதுக்கு ஒரு ஒயர். பாகமெல்லாம் அலுவலகத்தில் உதிரியாகக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டாள். "எடுத்துக்கம்மா, இதைப் போய் கேக்கணுமா" என்றார். நல்ல மனுஷன்.

சர்க்யூட்டைக் கையால் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் கட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதற்கென்று ஒரு சிமுலேஷன் மென்பொருள் இருந்தது. ஒரு பாகத்தின் மதிப்பைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்கும். ஸ்வீப் என்பார்கள். உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டி ருசி பார்ப்பது மாதிரி. அக்கா இரண்டை ஏற்றி இறக்கினாள். ஒன்று, ஒலியை எவ்வளவு உயர்த்துவது என்று தீர்மானிக்கிற ரெசிஸ்டர். அதற்கு ஏழு மதிப்பு; பெரியதாகப் போட்டால் ஒலியும் கூடும். இன்னொன்று வெப்பநிலை. அதற்கும் ஏழு படி, பத்து டிகிரியிலிருந்து நாற்பது வரை. டிரான்சிஸ்டருக்கும் மனிதர் மாதிரிதான், சூடு ஏறினால் குணம் மாறும். சூட்டில் அளவுக்கு மீறி உயர்த்தினால் சர்க்யூட் பேச்சைக் கைவிட்டுத் தானே சீட்டி அடிக்கத் தொடங்கிவிடும். ஏழேழு நாற்பத்தொன்பது ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எண்: சீட்டி அடிக்கும் எல்லையிலிருந்து சர்க்யூட் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று. எந்த வெப்பத்திலும் சீட்டி அடிக்காத ரெசிஸ்டர்களில் பெரியதைப் பொறுக்கினால் வேலை முடிந்தது.

அதை அக்காவே பொறுக்கியிருக்கலாம். ஆனால் அவள் மனதில் வேறு கணக்கு ஓடியது. எண் குவியலில் நல்லது கெட்டது பிரிப்பதுதான் தம்பியின் தொழில். அவனை நேராக "வாடா" என்று கூப்பிட்டால் வர மாட்டான். "இந்தக் கணக்கைப் பாருடா" என்றால்? ஆகவே ஓட்டங்களை ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினாள். கூடவே எழுதினாள்: "அம்மா காதுக்கு. கண்ணுலயும் புரை, எழுதிக் காட்டினாலும் தெரியல. ரெசிஸ்டர் ஏழு, வெப்பம் ஏழு. எல்லா வெப்பத்திலும் சீட்டி அடிக்காத பெரிய ரெசிஸ்டர் எதுன்னு பாரு."

எக்ஸ்போர்ட் செய்யும்போது திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ரெசிஸ்டர், எந்த வெப்பம் என்று எழுதட்டுமா என்று கேட்கும். டிக் போட்டால் எழுதும். போடாவிட்டால் ஓட்டம் ஒன்று, ஓட்டம் இரண்டு என்று நம்பர் மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அக்கா டிக் போடவில்லை. அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே: வெப்பம் ஒரு படியில் நிற்கும், அதற்குள் ரெசிஸ்டர் ஏழும் ஓடி முடியும், பிறகு வெப்பம் அடுத்த படிக்குப் போகும். தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைப்பதில் அக்காமார்களை யாரும் மிஞ்ச முடியாது.

அவள் எழுதியதில் ரெசிஸ்டர் முதலில் இருந்தது. தம்பி அதையே வரிசை என்று எடுத்துக்கொண்டான். ரெசிஸ்டர் நிற்கிறது, அதற்குள் வெப்பம் ஓடுகிறது என்று தலைகீழாகப் படித்தான். ஒன்றில் ஏழும் மற்றதில் ஐந்தும் இருந்திருந்தால் எண்ணிக்கை இடித்திருக்கும், விழித்துக்கொண்டிருப்பான். இரண்டிலும் ஏழு. அட்டவணை அழகாகச் சதுரமாக உட்கார்ந்துகொண்டது. அதுதான் வினை. மறுநாளே பதில் வந்தது: "ஐந்தாவது."

அவ்வளவுதான். நலமா இல்லை, அம்மா எப்படி இல்லை. அக்கா அந்த ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஐந்தாவது கொஞ்சம் பெரிதாயிற்றே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் வீட்டைத் தலைமுழுகிய பிள்ளை இத்தனை வருடம் கழித்து வீட்டுக்காக ஒரு வேலையை ஏற்றுச் செய்து கொடுத்திருக்கிறான். சரிதானா என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிப்போவான், மறுபடி ஓட்டுக்குள் போய்விடுவான் என்று பயந்தாள். ஐந்தாவதையே எடுத்து, ஈயம் உருக்கிச் சோல்டர் வைத்தாள். மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். தன் காதிலும் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தாள். அடுத்த மேசைக்காரர் வாய்க்குள் முணுமுணுத்த வசவுகூடத் தெளிவாகக் கேட்டது. மேசை குளிர்ச்சியாக இருந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை.

"டப்பா ரெடி. நீ சொன்னதுதான் போட்டிருக்கேன். வந்து நீயே பேசிப் பாரேன்" என்று எழுதினாள். மறுநாள் காலையில் "வர்றேன்" என்று வந்தது. அக்கா அலுவலகத்தின் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவன் வருகிற அன்று அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். டப்பாவை அம்மாவின் நெஞ்சுப் பக்கம் சட்டையில் குத்தி, வார்டின் குளிருக்குப் போர்வையை இழுத்துவிட்டு, காதில் ஒயரை மாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "நானும் தம்பியும் சேர்ந்து செஞ்சோம்மா" என்றாள்.

அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை அக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். "கேக்குதுடி. நல்லா கேக்குது. ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"சேர்ந்துதான். அவன் வந்துட்டிருக்கான்."

"சேர்ந்து செஞ்சீங்களா" என்று அம்மா மறுபடியும் கேட்டாள். டப்பாவைப் போர்வைக்கு மேலாகத் தடவிக் கொடுத்தாள். அக்கா கீழே போய் வாசலில் நின்றாள். தம்பியின் வண்டி தாமதம். அவன் வந்து சேர்ந்தபோது மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்து, அப்பாவின் ஜாடையாக இருந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனாள். வார்டு வாசலோடு தான் நின்றுகொண்டாள். அவன் மட்டும் உள்ளே போனான்.

கதவுக் கண்ணாடி வழியாக அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கட்டிலோரம் மண்டியிட்டு, அந்த டப்பா இருந்த இடத்தைப் பார்த்துக் குனிந்து பேசினான். பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினான். தோள் குலுங்கியது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், அவன் தலையில் கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது அம்மா அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சத்தமாக, "சாப்பிட்டியா?" என்றாள். வார்டே சிரித்தது. வெளியே நின்ற அக்காவும் சிரித்தாள், கண்ணீர் வழிய வழிய.

தம்பி அன்றே திரும்ப வேண்டியிருந்தது. அவனை வழியனுப்பிவிட்டு அக்கா வந்தபோது அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"என்னடி சொன்னான்?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு அது விளையாட்டாகப் பட்டது. கேட்ட சந்தோஷத்தை இன்னொரு வாயால் மறுபடி கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தாள். இதில் நான் எதற்கு நடுவில் என்று கையை விரித்து, உதட்டில் விரலை வைத்து, அம்மாவையும் கதவையும் மாறி மாறிக் காட்டி, உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்பதுபோலச் சிரித்தாள். அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்து, சரி என்று தலையாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று இரவே அம்மா தூக்கத்தில் போய்விட்டாள். இந்த முறை தம்பி வந்தான், முன்னால் நின்றான், எல்லாம் செய்தான்.

அம்மாவின் சாமான்களை வாங்கிக்கொள்ள அக்கா வார்டுக்குப் போனபோது நர்ஸ் ஒரு பையைக் கொடுத்தாள். சீப்பு, போர்வை, செருப்பு, டப்பா.

"பாவம்க்கா, இதோட ஸ்விட்சை அவங்க அணைச்சேதான் வெச்சிருந்தாங்க" என்றாள் நர்ஸ், டப்பாவைக் காட்டி.

"அணைச்சா? எப்ப?"

"நீங்க மாட்டிவிட்டுக் கீழ போனீங்களே, அப்பவே. காதுக்குள்ள ஒரே விசில், பேச்சே கேக்கலன்னாங்க. நான் உங்களைக் கூப்பிடட்டுமான்னு சைகையில கேட்டேன். கையைப் பிடிச்சுட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது, சொல்லிடாதே, மனசு உடைஞ்சுடுவாங்கன்னு. அப்புறம் உங்க தம்பி வந்துட்டார்."

அக்கா பையை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். நேராக அலுவலகத்துக்குப் போனாள். முதலில் மீட்டரை எடுத்து பேட்டரியை அளந்தாள். புத்தம் புதிது மாதிரி நிரம்பி இருந்தது. பிறகு பழைய ஓட்டங்களைத் திறந்து, இந்த முறை அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டு எக்ஸ்போர்ட் செய்தாள். ஒவ்வோர் எண்ணும் தன் வெப்பத்தோடும் ரெசிஸ்டரோடும் வந்து நின்றது. ஐந்தாவது ரெசிஸ்டர் முப்பது டிகிரி வரைக்கும் தங்கமாக இருந்தது. முப்பத்தைந்தில் எல்லையைத் தாண்டிவிட்டது. தம்பி எப்படித் தலைகீழாகப் படித்திருப்பான் என்பது அவளுக்கு ஒரு பார்வையில் விளங்கியது. டப்பா போர்வைக்குள் அம்மாவின் உடம்புச் சூட்டில் கிடந்தது. பெற்றவளின் சூடுதான் அதைக் கெடுத்தது. அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "என்னடி சொன்னான்?" என்று அம்மா கேட்டது விளையாட்டில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள். இவள் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

இதைத் தம்பியிடம் சொல்வதா? எப்படிச் சொல்வாள்! அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் வேறு மனிதனாகியிருந்தான். வாரம் தவறாமல் கூப்பிட்டான். ஜோக் அடித்தான். சின்ன வயதில் அவளை வம்புக்கு இழுத்த அதே குரலில், "என்னக்கா, இன்னும் ஊரான் வாசல்ல ஒட்டுக் கேக்கிற வேலைதானா?" என்றான். ஒருமுறை, "இப்பல்லாம் படுத்தா தூங்கிடறேன்க்கா. அம்மா கேட்டுட்டுப் போனாங்க, அது போதும்" என்றான். அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாடா" என்றாள். தேநீர் குடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு மிச்சத் தேநீரைக் கொட்டிவிட்டாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் தம்பியின் நல்ல மனசில் ஏறி நடந்து வந்தது. ஒருநாள் எழுதினான்: "அந்த வார்டுல இன்னும் ரெண்டு மூணு பேருக்குக் காது கேக்கலன்னு பார்த்தேன். அம்மா நினைவா அவங்களுக்கும் டப்பா செஞ்சு கொடுப்போமா? பழைய கோப்பை மறுபடி எடுத்து அனுப்பு. இந்த தடவை ரெசிஸ்டர், வெப்பம் விவரத்தோட. அன்னிக்கு வரிசையை நானா ஊகிச்சேன், கேட்டிருக்கணும்."

உண்மைக் கோப்பை அனுப்பினால் திறந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவான். அனுப்ப மாட்டேன் என்றால் ஏன் என்பான். அக்கா இரண்டு நாள் வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னாள். மூன்றாம் நாள் கோப்பைத் திறந்து, வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஒரு எண்ணைக்கூடத் திரித்து எழுதியறியாதவள், வெப்பநிலைப் பத்தியையும் ரெசிஸ்டர் பத்தியையும் முழுக்க அழித்துவிட்டு, தம்பி ஊகித்த வரிசைப்படியே தன் கையால் நாற்பத்தொன்பது வரியும் அடித்தாள். ஐந்தாவது சரி என்றே அந்தக் கோப்பு சொன்னது. மற்றவர்களுக்குச் செய்யும் டப்பாவில் சரியான ரெசிஸ்டரைத் தானே போட்டுவிடலாம், சோல்டர் வைப்பது தன் கைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் தம்பி கூப்பிட்டான். அறையில் அவளைத் தவிர யாருமில்லை. சோல்டரிங் அயர்னை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா, இந்தக் கோப்பு சாஃப்ட்வேர்ல இருந்து வந்ததில்ல."

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"முப்பத்தஞ்சை அது என்னிக்கு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு? பின்னாடி ஒரு கூட்டம் சைபரை இழுத்துட்டுல்ல வரும். உன் எண்ணெல்லாம் அப்படித்தான் இருக்கு. வெப்பமும் ரெசிஸ்டரும் மட்டும் மொட்டையா இருக்கு. அது நீ கையால அடிச்சது."

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நிஜத்துல உள்ள ஓடினது ரெசிஸ்டர். அப்படித்தானே?" அவன் குரலில் கோபம் இல்லை. "திருப்பிப் போட்டுப் பார்த்தேன்க்கா. அஞ்சாவது முப்பத்தஞ்சுல சீட்டி அடிக்குது. அம்மா உடம்புச் சூடு அதுக்கு மேல."

"டேய்..."

"கேக்கலையாக்கா? அம்மாவுக்கு எதுவுமே கேக்கலையா?"

இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை. நர்ஸ் சொன்னதை அக்கா அப்படியே சொன்னாள். விசில் அடித்தது, நீ உள்ளே வருவதற்கு முன்னாலேயே அணைத்துவிட்டாள், நாம் சேர்ந்து செய்தோம் என்பதற்காகச் சொல்லாமல் இருந்துவிட்டாள் என்று சொன்னாள்.

"நான் டப்பாவைப் பார்த்துத்தான் பேசினேன்" என்றான் தம்பி. "லைட் எரியுதான்னு பார்க்கக்கூடத் தோணல."

"லைட்டு நான் வைக்கலடா. பேட்டரி மிச்சமாகட்டுமேன்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கு வரிசை எதுன்னு உன்னைக் கேக்க டைப் பண்ணேன்க்கா. அழிச்சுட்டேன். கேட்டா நீ போன் பண்ணுவ, பண்ணா எப்படா வர்றன்னு கேப்ப. அதுக்குப் பயந்து" என்றான். "நான் போன பிறகு அம்மா ஏதாவது கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால் ஒரு பொய்யில் பிடிபட்ட சூடு இன்னும் ஆறவில்லை. "கேட்டாங்க" என்றாள் அக்கா. "என்னடி சொன்னான்னு கேட்டாங்க. கேட்டும் கேக்காத மாதிரி விளையாடுறாங்கன்னு நெனச்சேன். அது உங்க ரெண்டு பேருக்குள்ளன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன்டா. நான் பாவி. சிரிச்சுட்டு வந்துட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அழாதக்கா" என்றான். "சொல்லணும்னு நெனச்சிருந்தாலும் உன்னால சொல்லியிருக்க முடியாது. நான் என்ன சொன்னேன்னு உனக்கே தெரியாதே."

உண்மைதான். அவளுக்குத் தெரியாது. அவள் அவனைக் கேட்டதே இல்லை.

"இப்ப சொல்றேன், கேளு" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. அந்த வார்டில் குனிந்து பேசிய அதே குரலாகத்தான் இருக்கும். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்பா போன அன்னிக்கு நான் வந்தேன்க்கா. தகவல் சரியான நேரத்துக்குத்தான் கிடைச்சுது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். உள்ள வரலாமா, அப்பா மிதிக்காதேன்னாரேன்னு யோசிச்சுட்டு நின்னேன். அப்பாவை வெளிய கொண்டு வந்தீங்க. அம்மா பின்னாடியே வந்தாங்க. நேரா என்னைப் பார்த்தாங்க. நடுவுல ரோடு மட்டும்தான். கையைத் தூக்கினேன். பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு வண்டியில ஏறிட்டாங்க. அவங்களும் என்னை வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சு அப்படியே போயிட்டேன். அவங்க கண்ணு அப்பவே போக ஆரம்பிச்சுடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கோப்போட நீ புரைன்னு எழுதினப்பதான் தெரிஞ்சுது. அதைத்தான் சொன்னேன். நான் வந்தேம்மா, எதிர்லதான் நின்னேன், நீ பார்த்தும் கூப்பிடலன்னு உன்மேல கோபப்பட்டேன், என்னை மன்னிச்சிடுன்னு."

உணவு முடிந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. யாரோ சோதனைக்காக ஓர் இண்டர்காமின் பொத்தானை அழுத்தி, வருகிறதா, வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அசையவில்லை.

"கேட்டுச்சாக்கா?" என்றான் தம்பி.

"கேட்டுச்சுடா" என்றாள். "நல்லா கேட்டுச்சு."

போனை வைத்த பிறகும் அவள் காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "என்னடி சொன்னான்?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது அவளுக்குப் பதில் தெரியும்.